தையல் விட்ட இடம்

கட்டம்போட்ட காகிதத்தில் என் நெஞ்சு
கோணல் கோடாக வந்தது.
ஷாஜிதா டாக்டர் பேனா முனையால் காட்டினார்:
இங்கே ஒன்று.
இங்கே இரண்டு, ஒட்டிக்கொண்டு.
இங்கே ஒன்றுமே இல்லை.
எனக்கு உடனே புரிந்தது.
முப்பத்தொரு வருஷமாய் மிஷினில் பார்ப்பதுதான்,
தையல் விட்டுப்போகிறது.

மிஷினுக்கென்றால் தெரியும்.
ஊசியை மாற்று.
போகாவிட்டால் நூல் இறுக்கத்தைத் தளர்த்து.
அதற்கும் மசியாவிட்டால் அடியில் கழற்றிப் பார்.
இவரும் மூன்று சொன்னார்,
அந்த வரிசையில் இல்லை.

ரத்தத்தை இளக்க ஒரு மாத்திரை,
ஓட்டத்தைக் கட்ட இன்னொன்று, வருஷக்கணக்காய்.
அல்லது மயக்கத்தில் ஒரு மின்சார அடி,
எத்தனை நாள் தாங்கும் என்று
யாரும் எழுதித்தர மாட்டார்கள்.
அல்லது மதுரைக்குப் போய்
தொடை வழியாகக் கம்பி விட்டு
துள்ளும் இடத்தைப் பொசுக்குவது.
"நூறு பேரில் எழுபது பேருக்குச் சரியாகும்."
மீதி முப்பது பேர் எந்த ஊர் என்று கேட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"முடிவு நீங்கதான் எடுக்கணும்மா."

பள்ளத்தூர் பஸ்ஸில்
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தபடி வந்தேன்.
கோட்டையூர் வேகத்தடையில் தூக்கிப்போட்டது.
பஸ்ஸா, நானா, தெரியவில்லை.

சார்ஜாவிலிருந்து கார்மேகம்:
"கம்பியே வச்சிருவோம்மா, நான் லீவு சொல்லிர்றேன்."
மருமகள் போனை வாங்கி,
"கீரை சாப்பிடலாமான்னு கேட்டீங்களா அத்தை?"
கேட்டிருந்தேன்.
பழைய மாத்திரைக்குக் கீரையோடு பகை.
புது மாத்திரைக்கு அந்தப் பகை இல்லை,
என் பர்ஸோடுதான்.
வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
பீரோவிலிருந்து காப்பீட்டு அட்டையை எடுத்து
கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
மோட்டார் போடப் போனார்.

மாத்திரை தொடங்கிய ஆறாம் நாள்,
சிகப்பி மகளின் கல்யாண ரவிக்கைக்குக்
கொக்கி வைக்கையில்
ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியது.
எப்போதும் வாயில் வைத்தால் நின்றுவிடும்.
அன்று நின்றபாடில்லை.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
நாலு நிமிஷம்.
ஆறு.
ஒன்பது.
வெட்டுத்துணியில் விரலை அழுத்திக்கொண்டு
முதல்முறையாக அழுதேன்,
வலியே இல்லாமல்.
பட்டில் ஒரு சொட்டு விழுந்திருந்தது.
அரக்குப் பட்டு.
நானே வெளிச்சத்தில் திருப்பித்தான் கண்டுபிடித்தேன்.
துடைத்து, மடித்து,
முழுக்கூலி வாங்கினேன்.

ராத்திரி அளவு நோட்டின் பின்பக்கத்தில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ரத்தம் உறைந்து மூளைக்கு ஏறினால்
வலக்கை போகலாம் என்றார் டாக்டர்.
கத்திரிக்கோல் வலக்கை.
ஊசி குத்தினால் ஒன்பது நிமிஷம்.
ஒன்பது நிமிஷம் என்னிடம் இருக்கிறது.
ஆகவே மாத்திரை இருக்கட்டும்.
ஆனால் மாடியேறினால் மூச்சு வாங்குவதும்
தூக்கத்தில் யாரோ உள்ளிருந்து கதவை உதைப்பதும்
மாத்திரையில் அடங்கவில்லையே.
அதை எந்தப் பத்தியில் எழுத?
எழுதாமல் விட்டேன்.

காலையில் மதுரைக்குப் போன் செய்தேன்.
"புரட்டாசியில போட்டுக்குங்க,
அப்பத்தான் யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க."
அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை.
"தேதி சொல்லுங்கம்மா. இங்கிலீஷ் மாசம்."
காலண்டரைக் கிழிக்காமல் புரட்டி,
செப்டம்பர் இருபத்தொன்பது என்றேன்.
சொன்ன நேரத்தில் அது
ஒரு தடவை புரண்டு படுத்தது.

அன்று சாயங்காலம் காரைக்குடியில்
கொக்கி, நூல்கண்டு வாங்கப் போன இடத்தில்
அங்குஸ்தான் ஒன்றும் கேட்டேன்.
முப்பத்தொரு வருஷம் விரலில் மாட்டாதது.
பன்னிரண்டு ரூபாய்.
என் விரலுக்குச் சற்றுப் பெரிது.