ஐந்து புள்ளி ஒன்று

மண் பரிசோதனை வண்டி வந்த அன்று
எல்லார் சீட்டிலும் ஒரே மருந்து:
ஏக்கருக்கு இத்தனை மூட்டை சுண்ணாம்பு.
என் சீட்டை மடித்து வைத்துக்கொண்டேன்.
ஐந்து புள்ளி ஒன்று.
புளித்த மண். இருக்கட்டும்.

தளி ரோட்டு ரோஜாக் கூடாரத்தில் எனக்கு வேலை.
பிப்ரவரிக்குள் விமானம் ஏறவேண்டிய பூவுக்குக்
காம்பு வெட்டுவேன்.
கம்பெனி ஒரு வருஷம் வைத்துப் பார்த்து
லாபமில்லை என்று குப்பையில் கவிழ்த்த
புளூபெர்ரிச் செடிகளில்
இரண்டுக்கு இன்னும் வேர் ஈரமாய் இருந்தது.
பஸ்ஸில் எனக்கு இலவசம்,
செடிகளுக்கு டிக்கெட் போட்டார் கண்டக்டர்.

இலை உதிராத சாதி,
ஆடிக் காற்றிலும் பச்சை, மார்கழிப் பனியிலும் பச்சை
என்றிருந்தார் சூப்பர்வைசர் தொட்டய்யா.
என் வீட்டில் மூன்றே வாரத்தில் மஞ்சள்.
நரம்பு மட்டும் பச்சையாய்,
எக்ஸ்ரே படம் மாதிரி.

மண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.
ஒருநாள் டீப் பாத்திரத்தின் அடியில்
பொருக்குத் தட்டிய வெள்ளையைச் சுரண்டும்போது
கை நின்றது.
செடியின் தூரிலும் அதே வெள்ளை.
எழுநூறு அடி போர் தண்ணீர்.
குடம் குடமாய் நானே ஊற்றிய சுண்ணாம்பு.

அப்புறம் தகரக் கூரை மழையெல்லாம் டிரம்முக்கு.
மழையில்லாத வாரங்களில்
புளி உடைக்கப் போகும் நாத்தனார் மாதேவி
மடியில் கொண்டுவரும் நாரையும் சக்கையையும்
ஊறவைத்து, வடிகட்டி, ஆளுக்கொரு சொம்பு.
தூரைச் சுற்றிச் சவுக்குச் சருகு.
"மண்ணுக்கு மசக்கையா அண்ணி?"
"ஆமா, காய் இறங்குற வரைக்கும் இப்படித்தான்."

சித்திரைக் கடைசியில் கோடை மழை.
மேல்காட்டுச் சிக்கமல்லன்
அன்று காலைதான் சுண்ணாம்பு தூவி முடித்திருந்தான்.
ராத்திரி வரப்பு உடைந்து
பால் மாதிரி ஒரு ஓடை என் வேலிக்குள் இறங்குவதை
மின்னல் ஒருமுறை காட்டியது.
மண்வெட்டியோடு ஓடினேன்.
எதிர்ப்பக்கம் அவனும் மண்வெட்டியோடு.
தூரைக் காக்க நான்,
மூட்டைக் காசைக் காக்க அவன்,
ஒரே வரப்பை இரண்டு பக்கமிருந்தும் அணைத்தோம்.
"உனக்கு விஷம், எனக்கு உரம்" என்றான்.
வேறு பேச்சில்லை.
முழங்கால்வரை வெள்ளைச் சேறு
இரண்டு பேருக்கும்.

அடுத்த பங்குனியில் ஏழு பழம்.
சாம்பல் பூசிய கருநீலம்,
தொட்டால் விரல் ரேகை விழுந்தது.
நாலு சின்னான் குருவிக்குப் போனது.
ஒன்று மாதேவிக்கு, ஒன்று எனக்கு.
கடைசி ஒன்றை வரப்புக்கு மேலாக நீட்டினேன்.
சிக்கமல்லன் மென்றான், யோசித்தான்.
"களாப்பழம் இதைவிட நல்லாருக்கும்."

பொய்யில்லை.
வேலியில் களா நிற்கிறது,
யாரும் ஒரு சொம்பு ஊற்றியதில்லை,
அதுவும் வருஷம் முழுக்கப் பச்சைதான்.

டிரம்மின் அடியில்
ஐப்பசி மழை இன்னும் நாலு விரல் இருந்தது.
சாய்த்து மொண்டேன்.