ஐந்துக்கு ஒன்று

அட்டை இல்லாத புத்தகம்.
அறுபத்தோராம் பக்கத்தில் தொடங்குகிறது.
அதற்கு முந்தியதையெல்லாம் கறையான் படித்து முடித்திருந்தது.
இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தின் பெட்டியில் கிடந்ததை
மல்லாவிச் சந்திக் கராஜில்
கிறீஸ் கையோடு விரித்தேன்:
ஆதி விமான இயந்திரங்களின் பிஸ்டன்கள்.

முதலில் வார்ப்பிரும்பு.
கனம். சூடு வெளியேற வழியும் குறைவு.
தலை தணலாகிவிடும்,
பொறி விழுமுன்னே வாயு தானாய் வெடிக்கும்.
ஆகவே பயந்து பயந்து அமுக்கினார்கள்,
நாலுக்கு ஒன்று, நாலரைக்கு ஒன்று.
பிறகு அலுமினியம் வந்தது.
வாங்கிய சூட்டை உடனே சுவருக்குக் கைமாற்றும்,
கடனை ஒரு இரவும் வீட்டில் வைத்திராதவன் மாதிரி.
அதற்குப் பிறகுதான்
ஐந்துக்கும் ஐந்தரைக்கும் துணிந்தார்கள்.

இதை வாசித்த கிழமைதான்
பேரின்பம் சைக்கிள் கரியரில் பம்பைக் கட்டிக்கொண்டு வந்தார்.
கிளப்ப நாலு துளி பெற்றோல்,
மிச்சம் முழுக்க மண்ணெண்ணெய்.
எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம்.
"தங்கச்சி, உள்ளுக்கை ஆரோ கதவு தட்டுறான்" என்றார்.
காது வைத்தேன். தட்டினான்.
மண்ணெண்ணெய்க்கு நெரிசல் பிடிக்காது,
கொஞ்சம் இறுக்கினாலும் முந்திக்கொள்ளும்.

ஆஸ்பத்திரிக் குலமதியிடம்
இருபது சிசி ஊசி ஒன்று இரவல் கேட்டேன்.
"நாறப் பண்ணித் தந்தியோ,
அடுத்த முறை உனக்குத்தான் குத்துவன்."
பிஸ்டனை உச்சியில் நிறுத்தி
பிளக் துளை வழியே எண்ணெய் விட்டேன்.
இரண்டு ஊசி கொண்டது. நாற்பது.
பிஸ்டன் ஏறி இறங்கும் இடம் இருநூறு.
இருநூற்று நாற்பதை நாற்பதால் பிரி.
ஆறு.

தகடு வேண்டும்.
ஒருவரும் போகாத வீதியில்
மாங்குளம் என்று எழுதிய பலகை சரிந்து கிடந்தது,
ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியம்.
கவராயத்தால் கீறி வெட்டினேன்.
'ங்கு' துண்டோடு விழுந்தது.
ஒரு கரையில் 'மா', மறுகரையில் 'ளம்',
நடுவில் தீக்கு இடம்.

ஹெட்டுக்குக் கீழே வைத்து முறுக்கி
மறுபடி எண்ணெய் அளந்தேன்.
இரண்டரை ஊசி.
ஐந்துக்கு ஒன்று.
ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாறுக்கு
ஒரு வோட்டர் பம்பை அனுப்பிவைத்தேன்.

"வலு குறையும் அண்ணை."
"எவ்வளவு?"
"கடைசி ரெண்டு பாத்திக்குத் தண்ணி ஏறாது."
அவர் கொஞ்சம் யோசித்தார்.
"ரெண்டு பாத்தி மிளகாய் எனக்கு வேண்டாம்.
இவன் தட்டாமல் இருந்தால் போதும்."

தோட்டத்தில் பூட்டிக்கொடுக்கப் போனபோதும்
புத்தகம் பையில் இருந்தது.
எண்பத்தெட்டாம் பக்கம்:
உயரத்துக்கென்றே அதிகமாய் அமுக்கிக் கட்டிய இயந்திரம் ஒன்று.
அதைத் தரையில் முழுதாகத் திறக்கக் கூடாதாம்.
காற்று மெலிந்த இடத்துக்கு ஏறிய பின்தான்
அதற்கு முழு மூச்சு.
கீழே திறந்தால் தன்னையே உடைத்துக்கொள்ளும்.
இதை இரண்டு முறை வாசித்தேன்.
எண்பத்தொன்பதாம் பக்கம் இல்லை.

பம்ப் ஓடியது. கதவு தட்டும் சத்தம் இல்லை.
வாய்க்கால் நனைந்து, முதல் பாத்தி கறுத்து,
இரண்டாவதில் தண்ணீர் திரும்பும்போது
பேரின்பம் ஓடிவந்து மூடினார்.
பம்பை நிறுத்தினால்தான் வானம் கேட்கும்.

கிபிர்.
வடக்கே வளைந்தது.
அதற்குள் பிஸ்டன் இல்லை,
என் புத்தகம் அதுவரைக்கும் வரவில்லை.
பதுங்குகுழியில் குந்தியிருந்து
சூடான ஹெட் ஆறும்போது போடும்
டிக், டிக் சத்தத்தை எண்ணினேன்.
முப்பத்தொன்றில் அவர் எழும்பினார்.

கயிறு சுற்றினார்.
நாலு துளி.
மூன்றாம் இழுப்பில் பிடித்தது.

ஊசியைச் சவர்க்காரம் போட்டு ஏழு தரம் கழுவினேன்.
குலமதி மூக்கருகே பிடித்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை,
கூலியாய் வந்த மிளகாயில்
பாதியை அள்ளிக்கொண்டு போனாள்.