உறைந்த மை

ஏரியின்மேல் பதினான்கு அங்குலப் பனி.
அப்பா துளையிட்டு அளந்து சொன்னார்.
அதன்மேல் பலகைக் குடில், மண்ணெண்ணெய் அடுப்பு,
கவிழ்த்த வாளிகள் இரண்டில் நாங்கள் இருவர்.
புழு டப்பாவுக்கு அடியில்
மருத்துவமனை கொடுத்த படிவம்.

வீட்டில் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.
குப்பையைக் கொட்ட வேண்டும், டிரக்கில் ஏதோ சத்தம்,
யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
யாரும் தட்டியிருக்க மாட்டார்கள்.
இங்கே எழுந்து போனால் வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
அதனால்தான் இங்கே கொண்டுவந்தேன்.
"பொறி வைத்துவிட்டாய், மாரிட்" என்றார்
தூண்டிலைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

முதல் கேள்வியைப் படித்தேன்.
இதயம் நின்றுபோனால்?
"நின்றால் நின்றதுதான்."
அப்படி ஒரு கட்டம் இல்லை அப்பா.
வேண்டும், வேண்டாம், இரண்டுதான்.
"அப்போ படிவத்தில்தான் கோளாறு."

அடுத்தது மூச்சுக்குழாய்.
பதில் இல்லை.
அடுப்புத் திரியை இறக்கினார், ஏற்றினார்.
அம்மாவுக்குப் பத்தொன்பது நாள்.
யாரும் அவளை முன்பே கேட்டு வைத்திருக்கவில்லை,
அதனால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம்.
அண்ணன் டுவைட் ஃபீனிக்ஸிலிருந்து ஃபோனில்
"எல்லாம் செய்யச் சொல், எல்லாம்" என்று கத்தினான்.
செய்தார்கள்.
குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க
அவள் கைகளை மெத்தென்ற பட்டையால் கட்டினார்கள்.
அப்பா அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்,
மானிட்டரை அல்ல.

"டுவைட் நல்லவன்" என்றார் இப்போது.
"அவனால் முடியாது. உன் பெயரை எழுது."
கோபம் வந்தது எனக்கு.
அவனுக்குப் படகு, எனக்கு இதுவா?

கம்பி நுனி அசைந்தது. அவர் இழுக்கவில்லை.
நூலை எடுத்து என் சுட்டுவிரலில் சுற்றினார்.
"சொல். பெர்ச்சா, புளூகில்லா?"
பெர்ச்.
"எப்படித் தெரியும்?"
தெரியும், அவ்வளவுதான்.
"இது எனக்குத் தெரிகிறவரை என்னை வைத்திரு.
படுக்கையோ, சக்கர நாற்காலியோ, பாதி உடம்போ, பரவாயில்லை.
விரலில் நூலைச் சுற்று. மறுமுனையை நீ இழு.
எது என்று சொல்ல முடியாத நாள் வந்தால்..."
மீதியைச் சொல்லவில்லை.
மீன் இதற்குள் போய்விட்டிருந்தது.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
கடைசிப் பக்கத்தில்
"பிற விருப்பங்கள்" என்று மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
எழுதப்போனால் பேனாவில் மை உறைந்திருந்தது.
ஊதினேன், உதறினேன், அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.
அம்மா போனபின் அப்பா சிரித்தது அதுதான் முதல் தடவை
என்று சொன்னால் பொய்.
பல் தெரியச் சிரித்தது அதுதான்.

சாட்சி இருவர் வேண்டும், உறவு கூடாது.
பக்கத்துக் குடிலிலிருந்து புழுக்கடை லவோன் வந்தாள்,
அவளோடு பனி வாரும் வண்டி ஓட்டும் பையன்.
கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துத் துடைத்து
அவள் வரிவிடாமல் படித்தாள்.
"குழாய்வழிச் சாப்பாடு வேண்டாமாம் ஆர்விலுக்கு!
சாப்பாடு வேண்டாம் என்று இவர் சொல்லி
இந்த ஊரில் யாரும் கேட்டதில்லை."
பையன் சிரிக்கவில்லை. அவன் கையெழுத்து கோணியது.
குளிர் என்றான்.

நான்கு நகல். ஒன்று ஃப்ரிட்ஜ் கதவில்,
ஒன்று டிரக்கில், ஒன்று மருத்துவமனையில்.
அங்கே வரவேற்பில் இருந்த பெண்
தாளை ஒருமுறை முகர்ந்துவிட்டு ஸ்கேன் செய்தாள்.

நான்காவது டுவைட்டுக்கு.
தபாலில் போடுமுன் நானே சொல்லிவிட வேண்டும்.
நேற்றிரவு அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.
அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன்.