பதினெட்டு

பறக்கும் ரயில் தரமணியைக் கடக்கும்போதெல்லாம்
என் வரைபடத்தில் ஒரு பல் முளைக்கிறது.
ஊசிமுனை படிகத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற இடம்;
ஒரு பெட்டி குலுங்கினால் போதும்,
இரவெல்லாம் பிடித்த கோடு போச்சு.
"கடைசி வண்டி போகட்டும்" என்கிறாள் ஹெப்சிபா.

தேசிங்கு ஹீலியம் ஊற்றுகிறார்.
வெளியே அக்டோபரிலும் வேர்க்கிறது;
குழாயின் கழுத்தில் காற்றே உறைந்து வெண்தாடி விடுகிறது.
"லிட்டர் என்ன விலை தெரியுமா மேடம், பார்த்துக் குளிருங்க."

செம்பு எளிது.
குளிர்ந்தால் அணுக்கள் அடங்கும்,
எலக்ட்ரான் இடிபடாமல் ஓடும்,
பந்தி முடிந்த கல்யாண மண்டபத்தில் குழந்தை ஓடுவது மாதிரி.
இந்தக் கறுப்புத் துணுக்கு அப்படியில்லை.
இதற்குள் தனி எலக்ட்ரான் என்று ஒன்றைக் காட்ட முடியாது.
சாயங்காலம் ஆறு பத்துக்குக் கிண்டி சுரங்கப்பாதையில்
யாரும் நடப்பதில்லை, கூட்டம்தான் நடக்கிறது;
செருப்பு அறுந்தாலும் போய்ச் சேர்ந்துவிடுவோம்.
அப்படி ஒரு நடை.

"அணிக்கோவை வெறும் மேடை. ஆட்டம் எலக்ட்ரான்களுடையது"
என்று எழுதி அனுப்பினார் ஒரு மதிப்பீட்டாளர், பெயரில்லாமல்.
மேடை அதிர்ந்தால் ஆடுகிறவளுக்குத் தெரியாதா?

அதனால் ஆக்சிஜனை மாற்றினோம்.
பதினாறை எடுத்துவிட்டுப் பதினெட்டு.
அதே படிகம், அதே வேதியியல்,
அணு மட்டும் கொஞ்சம் கனம்;
ஈரப் போர்வை போட்ட கொடி போல
மெதுவாக ஆடும்.
எலக்ட்ரானுக்கு அதிர்வோடு சம்பந்தமில்லை என்றால்
எதுவும் நகரக் கூடாது.

பதினொன்றரைக்கு மேல் ஊர் அடங்கியது.
பழைய துணுக்கில் மேடு நாற்பது மில்லிவோல்ட்டில்.
புதியதில் முப்பத்தேழு புள்ளி எட்டு.
சூடாக்கி, மறுபடி குளிரவைத்து, மறுபடி.
முப்பத்தேழு புள்ளி எட்டு.
ஹெப்சிபா ஒன்றும் சொல்லவில்லை,
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நான் குடியிருப்பது தண்டவாளத்தை ஒட்டி, பெருங்குடிப் பக்கம்.
அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள்
வண்டிக்கு வண்டி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும்.
முதல் மாதம் தூங்கவில்லை.
பிறகு அது காதில் விழுவதே நின்றுபோனது.
ஒரு புயலன்று வண்டிகளை நிறுத்தினார்கள்.
அன்றைக்குத்தான் விடிகாலையில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன்,
யாரோ கூப்பிடாமல் போனது போல.

முதல் வண்டி கிளம்பிவிட்டதாம்.
"ஊசியைத் தூக்கிடு, போயிடும்" என்கிறாள்.

இருக்கட்டும்.
இந்தப் பல்லையும் ஒருமுறை
வரைந்துகொள்கிறேன்.