பதின்மூன்று சென்ரிமீற்றர்

கரடிக்கல்லுக்குக் கீழே
என் பாதை ஒரு மீற்றர் அகலம்.
இரண்டு பக்கமும் சிவப்புத் தடி.
முழங்காலில் நிற்கிறேன்,
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் புழுக்கம்.
பாலைப்பழக் காலம். மேலே குரங்குகள்
தின்று துப்புகிற கொட்டை
கவசத்தில் பட்டுத் தெறிக்கிற போதெல்லாம்
நெஞ்சு ஒருதரம் நின்று தொடங்கும்.

கருவி கத்தியது.
பக்கவாட்டாகத்தான் தோண்ட வேண்டும்,
நேர் மேலிருந்து கூடாது, அது விதி.
ஐந்து. எட்டு. பதினொன்று.
பதின்மூன்றாவது சென்ரிமீற்றரில்
கறுப்பும் சிவப்புமாய் ஒரு சட்டி விளிம்பு,
உள்ளே மண்ணோடு மண்ணாய்ப் பொடிந்த எலும்பு,
எலும்பின் பக்கத்தில் என் சுண்டுவிரல் நீளத்துக்குத்
துரு.

அம்புமுனை என்றார்
யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வனிதாமலர் மிஸ்.
இரண்டாயிரம் வருசம் இருக்குமாம்.
கருவிக்கு வயது தெரியாது.
வைகாசியில் எடுத்த மிதிவெடிக்கும்
இதே குரலில்தான் கத்தியது.

படிவத்தில் நிரல்கள் உண்டு:
மிதிவெடி, எறிகணை, ரவை.
செத்தவரோடு வைத்தது என்று ஒன்று இல்லை.
‘ஏனைய உலோகம் – 1’ என்று எழுதினேன்.

சாப்பாட்டு நேரம் மிஸ்ஸோடு மேலே ஏறினேன்.
மழை உள்ளே வழியாமலிருக்க
கல்லின் நெற்றியில் யாரோ வெட்டிய புருவம்.
அதன் கீழே எழுத்து.
ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி வாசித்தார்:
இன்னாருடைய குகை. கொடுத்தது.
பெயர் இருந்த இடத்தில் பாசி.
யாருக்கு என்ற இடத்தில்
கல் உரிந்திருந்தது.

அந்த உரிந்த இடத்துக்குத்தான்
அடுத்த மாதம் எல்லாரும் வந்தார்கள்.
காவி வந்தது, திருநீறு வந்தது,
இரண்டுக்கும் நடுவில் சப்பாத்துகள்.
சங்கத்துக்கு என்றார் ஒருவர். சிவனுக்கு என்றார் ஒருவர்.
நான் ஐந்து மாதமாய்த் தவழ்ந்து துடைத்த பாதையில்
நின்றுதான் சத்தம் போட்டார்கள்,
காலில் பயமில்லாமல்.

சிவப்புத் தடிகளைப் பிடுங்கினோம்.
அதே குழிகளில் மஞ்சள் கல் நட்டார்கள்.
வெடியில்லை என்று நான் கையெழுத்திட்ட காணிக்கு
‘உட்புகத் தடை’ என்று பலகை.
அறைந்த ஆணிக்குக் கருவியைப் பிடித்தேன், சும்மா.
கத்தியது.

எலும்பைப் பெட்டியில் போட்டு
எண் எழுதிக் கொண்டுபோன அன்று
குழியை மூடச் சொன்னார்கள். வெறும் குழி.
மூடினேன்.
பிறகு என்ன நினைத்தேனோ,
மழை உள்ளே இறங்காதபடிக்கு
நடுவில் மண்ணைக் கொஞ்சம்
உயர்த்தி விட்டேன்.