ஐந்தாம் பிறை, ஐம்பது நிமிடம்

ஆறங்குல பிவிசி குழாய்,
தண்ணிப் பம்பிக்கு வாங்கினதில் மிச்சம்.
அடியில் கண்ணாடி. கொழும்பிலிருந்து பஸ்ஸில்
மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது,
வவுனியாவில் இறங்கித் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை.
நிறுத்தியிருப்பது உழவு இயந்திரத்தின் பழைய ரிம்மில்.
முத்தையன்கட்டு இடதுகரையில்
இதற்குமேல் ஒரு வான்கூடம் கட்ட ஏலாது.

மாசிப் பனி. டோர்ச் முகத்தில்
சொக்லேட் சுற்றிவந்த சிவப்புத் தாள்.
மடியில் பரீட்சை அட்டை,
கமநல சேவை நிலையத்தில் கழித்துவிட்ட படிவம் ஒன்று:
முன்பக்கத்தில் ஆரோ ஒருவரின் உரமானியம், ஏக்கர் ஒன்றரை.
பின்பக்கத்தில் தியோபிலஸ்.

தியோபிலஸ் ஒரு பள்ளம்.
ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு,
பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிற தூரம், கொஞ்சம் குறைய.

பள்ளத்தைக் கீற முடியாது என்று
மூன்றாம் இரவில்தான் எனக்குப் பிடிபட்டது.
கீறக்கூடியது நிழலை மட்டும்.
சூரியன் பக்கத்து விளிம்பு தன் கறுப்பை உள்ளே இறக்கும்,
எதிர் விளிம்பு சுண்ணாம்பு பூசினமாதிரி எரியும்.
நடுவில் மலை,
கரிக்குள் சிந்திய மூன்று அரிசிமணி.
அந்த வெள்ளைக்குப் பென்சில் கிடையாது.
தாளைத் தொடாமல் விடவேண்டும்.
தொடாமல் விடுவதற்குத்தான் கை நடுங்குகிறது.

ஒரு நிமிடத்தில் சந்திரன் வட்டத்தைவிட்டு நழுவும்.
குழாயை மயிரளவு தள்ளு. பார். குனி. கீறு.
நிமிர்ந்தால் நிழல் கொஞ்சம் கட்டையாகியிருக்கும்.

பற்குணம் வந்தார், சாரம் மடிப்பில் யானைவெடியோடு.
"உதுக்குள்ள என்ன?"
"பாருங்கோ. கை வைக்காதேங்கோ."
ஒற்றைக் கண்ணை மூடத் தெரியாமல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

பள்ளம் தெரிந்த மனிசன்.
விளிம்பு எவ்வளவு, மண் எந்தப் பக்கம் சிதறியது,
பார்த்தவுடனே ஷெல்லா கிபிரா,
எந்தத் திசையிலிருந்து என்று சொல்லுவார்.
"நேர மேலயிருந்து," என்றார்.
"கல். பெரிய கல்."
"ஆர் எறிஞ்சது?"
"ஒருத்தரும் எறியேல்லை."
"சும்மா விழுந்ததோ?"
"ஓம்."
"சனம்?"
"இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

அவர் கண்ணை எடுக்கவில்லை.
சந்திரன் நழுவி வட்டம் இருண்ட பிறகும் எடுக்கவில்லை.
பிறகு, எனக்கென்று இல்லாமல்,
"நல்லது," என்றார்.
வாய்க்கால் கரையால் நடந்து போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் வெடித்தது.
யானைக்குத்தான். தெரியும்.
இத்தனை வருசத்துக்குப் பிறகும்
முதலில் கைக்குக் கேட்கிறது, பிறகுதான் காதுக்கு.
பக்கத்துப் பள்ளம் சிரிலஸின் மதிலுக்குக் குறுக்கே
நிலவில் இல்லாத ஒரு கோடு.
அழிறப்பரை எடுத்தேன். வைத்தேன்.

என் வளவிலும் ஒன்று உண்டு, கிணற்றடிக்குப் பின்னால்,
பதினைந்தடி. இதரை வாழை நிற்கிறது, நல்ல குலை.
அதைக் கீறியதில்லை.
அதற்குள் நிழல் சரியாக விழுவது காலை ஏழரைக்கு;
அந்நேரம் நான் பஸ்ஸுக்கு நிற்பேன்.

விடிய வந்தார் பற்குணம்.
தென்னம்பிள்ளை இரண்டு போய்விட்டதாம்.
மேசையில் கிடந்த தாளைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து
"மலை நல்லா வந்திருக்கு," என்றார்.
எட்டிப் பார்த்தேன்.
வெளிச்சம் மறுபக்கத்தால் வந்து
பள்ளம் முழுக்க வீங்கி எழுந்து நின்றது,
புற்றுப்போல, உள்ளே ஏதோ இருப்பதுபோல.

பஸ்ஸில் வைத்துத்தான் ஓரத்தில் குறிப்பு எழுதினேன்:
வளர்பிறை ஐந்து. இரவு ஏழு நாற்பது முதல் எட்டரை.
பெருக்கம் எண்பது. காற்று சுமார். இடையில் யானை.

வடக்கு எது என்று அம்புக்குறி போடுவது வழமை.
ஒட்டுசுட்டான் சந்தி வந்துவிட்டது.
பேனாவை மூடினேன்.