இரண்டாம் பாதி

இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால்
இதே நகர மண்டபத்தில்
இதே நாடகத்தை விட்டு
இடைவேளையோடு எழும்பிப் போனவன் நான்.

திமிங்கிலம் ஒன்று
துறைமுகத்துக் கப்பலின் சங்கைக்
காதலிக்கிற கதை.
மூன்று மணித்தியாலம், பத்தொன்பது பாட்டு.
முதல் காட்சியிலேயே திமிங்கிலம்
பக்கக் கதவில் இறுகிக்கொண்டது,
தலை உள்ளே, வால் வெளியே.
வயிற்றுக்குள் நின்ற நாலு பெடியன்களும்
நாலு சுருதியில் பாடினார்கள்.
பிறகு கரண்ட் போனது.
ஜெனரேட்டர் வந்து மிச்சப் பாட்டை விழுங்கியது.
"அம்மா, மீன் செத்திட்டுதா?"
முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது.
அன்றைக்குக் கைதட்டு விழுந்தது அதுக்கு மட்டும்தான்.

வெளியே வந்து இரண்டு ரோல்ஸ் தின்றேன்.
விரல் எண்ணெயைத் துடைத்துவிட்டு
வாரப்பத்திரிகைக்கு எழுதினேன்.
தலைப்பு: 'முதல் நாளே சங்கு'.
இவ்வளவு ஆழமான துறைமுகத்திலும்
தரை தட்ட ஒரு திறமை வேண்டும் என்று
கடைசி வரி.
சலூனில் யாரோ அதைச் சத்தமாய் வாசித்ததை
சவர நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்,
கண்ணை மூடி, ருசித்து.
இரண்டாம் நாள் பதினொரு பேர்.
மூன்றாம் நாள் ஆட்டம் இல்லை.

எழுதி மெட்டும் போட்டவள் எமிலியானா,
துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதினவள்.
சந்தையில் கண்டால் நல்லாத்தான் கதைப்பாள்,
பாரைக்குட்டி விலை, மகனின் சோதனை.
நாடகம் என்ற சொல்லை மட்டும்
ரோட்டில் படுத்திருக்கும் மானைப் போல
இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு போவோம்.

இப்போது வளாகத்துப் பிள்ளைகள்
பழைய தாள்களைத் தேடியெடுத்து
திரும்பப் போடுகிறார்கள்.
மகள் இழுத்து வந்தாள்.
கதவோரக் கதிரையாய்ப் பார்த்து இருந்தேன்,
ஓட வசதி.

இந்தமுறை திமிங்கிலம்
நீல நைலோன் வலை.
உள்ளே ஆறு பேர் மூச்சுவிட
வலையும் மூச்சுவிட்டது.
ஒரு சொல் மாற்றவில்லை, அதே பாட்டு.
சங்காக வந்தவள் கிண்ணியாப் பிள்ளை, நுஸ்கியா.
அடிவயிற்றிலிருந்து
ஒற்றைச் சுரத்தை இழுத்தாள்.
சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.
திறந்தபடியே கிடந்தது.

இடைவேளை.
நான் எழும்பவில்லை.

கப்பலை உடைக்க இழுத்துப் போகிறார்கள்.
திமிங்கிலத்துக்கு அது தெரியாது,
பின்னேரம் பின்னேரமாய் வந்து கூப்பிடுகிறது.
எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ
லாஞ்சியில் டிக்கெட் கிழிக்கிறவன்
சும்மா, பகிடிக்கு,
கையை வாயில் குவித்து ஊதுகிறான்.
அது திரும்பிப் பார்க்கிறது.
அவ்வளவுதான்.
ஐஸ் வாடி முதலாளி ஊதுகிறார், பொலிஸ்காரன் ஊதுகிறான்,
தண்ணீர்க்குடத்தோடு போனவள் குடத்தை வைத்துவிட்டு ஊதுகிறாள்,
ஆளுக்கொரு சுருதி.
'சுருதி சேரக் கூடாது' என்று
தாளிலேயே எழுதியிருந்ததாம்.
மண்டபம் முழுக்க எழும்பி ஊதியது.
என் தொண்டையும்.

ஐந்தாம் வரிசையில் எமிலியானா
கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள்.
கிட்டப் போனேன்.
"இரண்டாம் பாதி நான் அன்றைக்குப் பார்க்கல்ல."
"தெரியும். திரைக்குப் பின்னால
உங்கட கதிரையத்தான் பார்த்துக்கொண்டு நிண்டன்."
கச்சான் சுருளை நீட்டினாள்.
உப்புக் கொஞ்சம் கூட.

வெளியே கடற்கரை வீதியில்
மான்கள் படுத்திருந்தன.
ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்தது.
மான் அசையவில்லை.
பதில் சொன்னது நான்தான்.